யாருக்காகப் பிடிக்கிறது இந்தக் கை?

ஒருவர் கையில் கூரிய கத்தி இருக்கிறது. பக்கத்தில் நின்ற ஆடு தன் கழுத்தை அதில் உரசிக்கொள்கிறது. மூச்சுக்குழலும் உணவுக்குழலும் அறுபட்டு ஆடு சாய்கிறது. கத்தி இருந்தது, கை இருந்தது, அறுபட வேண்டிய இடமும் பிசகாமல் அறுபட்டது. அந்த இறைச்சி ஹலாலா?

இல்லை என்கிறார் இமாம் நவவி. 1277இல் காலமான அவர் எழுதிய 'மின்ஹாஜுத் தாலிபீன்' ஷாபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) அடிப்படைச் சட்டநூல்களில் ஒன்று. கையிலிருந்து நழுவி விழுந்த கத்தி வேட்டைப் பிராணியைக் கொன்றாலும் அவர் தரும் தீர்ப்பு அதுதான். வெட்டு நடந்திருக்கிறது, அறுப்பு நடக்கவில்லை. அறுப்பு என்பது ஒரு மனிதர் நாடிச் செய்ய வேண்டிய செயல். நாட்டம் இல்லாதபோது அங்கே கை இருந்தும் பயனில்லை.

இலங்கையின் கிழக்கே, அம்பாறைக் கரையின் முஸ்லிம் ஊர்களில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும், உள்ளே சம்மாந்துறையிலும் இறக்காமத்திலும், தலைமுறை தலைமுறையாக ஓதிக்கொடுக்கப்பட்டு வந்தது இந்த ஷாபிச் சட்டம்தான். இறக்காமம் குளத்தையும் வயலையும் நம்பிய ஊர். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமானது. இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடமும் பொறியியல் பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நவவியின் ஆட்டையும் ரோபோவின் கையையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் இல்லை.

பேச வேண்டிய கேள்வி இது: தொழிற்சாலையில் ஒரு ரோபோ தன் கிரிப்பரால், அதாவது பிடிக்கும் கருவியால், இரும்புப் பாகம் ஒன்றைப் பிடிக்கிறது, தூக்குகிறது, வைக்கிறது. அந்தச் செயல் யாருடையது?

ரோபோ என்றதும் மனதில் வருவது நீண்டு வளையும் கைதான். ஆனால் அந்தக் கை தனியாக எதையும் செய்யாது. கார் கதவைத் தூக்கும் ரோபோவும் மாத்திரைப் பெட்டியைத் தூக்கும் ரோபோவும் கையளவில் கிட்டத்தட்ட ஒன்றேதான். மணிக்கட்டில் மாட்டப்பட்டிருக்கும் கிரிப்பர்தான் வேறு. இரண்டு தாடைகள் நேர்கோட்டில் நெருங்கிப் பிடிக்கும் வகை மிகப் பரவலானது. அழுத்திய காற்றாலோ மோட்டாராலோ அது இயங்கும். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் கிண்ணங்கள். உருக்குக்குக் காந்தம். துணிக்கு, ஒன்றையொன்று குறுக்காகக் குத்தும் நுண்ணிய ஊசிகள். ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் மீனின் வால்துடுப்பைப் பார்த்து ஒரு கிரிப்பர் செய்தது: அழுத்தினால் விலகிப் போகாமல், அழுத்தும் பக்கமே வளைந்து பொருளை அணைத்துக்கொள்ளும். 2010இல் கோர்னெல், சிக்காகோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஐரோபோட் நிறுவனத்தோடு சேர்ந்து விரலே இல்லாத ஒன்றைச் செய்து காட்டினார்கள். ஒரு ரப்பர் பலூன், அதற்குள் கோப்பித் தூள். பொருளின்மேல் பலூனை அமுக்கினால் தூள் நகர்ந்து அதன் வடிவத்துக்கு இணங்கிவிடும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் தூள் இறுகி, பிடி கெட்டியாகிவிடும். நல்ல கிரிப்பர்களில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. மின்சாரமோ காற்றோ சட்டென்று நின்றுபோனாலும் பிடித்த பொருள் கீழே விழாதபடி ஸ்பிரிங் ஒன்று தாடையை இறுக்கி வைத்திருக்கும்.

இந்த வரலாறு 1961இல் தொடங்குகிறது. ஜோர்ஜ் டெவோல் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யுனிமேட் என்ற இயந்திரம், நியூ ஜெர்சியிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு நின்றது. அச்சில் வார்த்த சூடான உலோகப் பாகங்களை எடுத்து வைப்பதுதான் அதன் தொழில். கையைச் சுடும் வேலை, புகை மண்டும் வேலை. அதை மனிதக் கையிலிருந்து வாங்கிக்கொண்டது நல்ல காரியம். இதில் மார்க்கத்துக்கும் மனச்சாட்சிக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

ஆனால் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஒரு கூடைக்குள் தாறுமாறாகக் கிடக்கும் பலவகைப் பொருள்களில் ஒன்றை எடுப்பது ரோபோவுக்குக் கடினமாகவே இருக்கிறது. மனித உள்ளங்கையிலும் விரல்களிலும் தொடுகையை உணரும் நரம்பு அலகுகள் ஏறத்தாழ 17,000 என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1979இல் கணக்கிட்டார்கள். ஒரு கோப்பையைத் தூக்கும்போது, அது வழுக்காமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அதற்குச் சற்று மேலான அழுத்தத்தை மட்டுமே விரல்கள் கொடுக்கின்றன. வழுக்கத் தொடங்கினால், தூக்குபவர் உணர்வதற்கு முன்பே பிடி இறுகிவிடுகிறது. எவரும் யோசித்துச் செய்வதில்லை. குர்ஆனின் 75ஆவது அத்தியாயம், மறுமையில் எலும்புகளை ஒன்றுசேர்க்க முடியாது என்று எண்ணும் மனிதனுக்குப் பதிலாக விரல் நுனிகளைத்தான் எடுத்துக் காட்டுகிறது. படைப்பின் நுட்பத்துக்குச் சான்றாக அந்த இடம் சுட்டப்பட்டதை, கிரிப்பர் வடிவமைக்கிற பொறியியலாளர் எவரும் எளிதாகப் புரிந்துகொள்வார்.

கையைப் பற்றித் தத்துவம் பேசியவர்கள் பலர். மனிதனுக்குக் கை இருப்பதால்தான் அவன் அறிவில் உயர்ந்தான் என்றார் கிரேக்கத்து அனக்சகோரஸ். அறிவில் உயர்ந்தவன் என்பதால்தான் அவனுக்குக் கை தரப்பட்டது என்று திருப்பிச் சொன்னார் அரிஸ்டோட்டில். 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் 'முகத்திமா'வில் இன்னும் தெளிவாக எழுதினார்: மற்ற உயிர்களுக்குக் கொம்பும் நகமும் தடித்த தோலும் கிடைத்தன, மனிதனுக்குச் சிந்தனையும் கையும் கிடைத்தன, சிந்தனைக்குப் பணி செய்யும் கை, கொம்புக்குப் பதில் ஈட்டியையும் நகத்துக்குப் பதில் வாளையும் தோலுக்குப் பதில் கேடயத்தையும் ஆக்கிக்கொண்டது. அவர் இரண்டையும் இணைத்தே பேசினார். கிரிப்பர் அந்த இணைப்பைப் பிரித்துவிட்டது. பிடி ஓரிடத்தில், சிந்தனை வேறோர் இடத்தில். சில வேளை இரண்டுக்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது. ஒரு நாட்டில் எழுதிய நிரல், இன்னொரு நாட்டின் ஆலையில் தாடையைத் திறந்து மூடுகிறது.

அஷ்அரி இறையியலை ஓதியவர்களுக்கு இது அந்நியமான சிக்கல் அல்ல. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அபுல் ஹஸன் அல்அஷ்அரியின் வழிவந்தவர்கள் மனிதச் செயலை விளக்குவதற்கு எடுத்துக்கொண்ட உதாரணமே கைதான். நடுக்கம் கண்ட ஒருவரின் கை ஆடுகிறது. இன்னொருவர் தானே விரும்பிக் கையை அசைக்கிறார். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அசைவு. ஆனால் அசைப்பவர் தனக்குள் வேறுபாட்டை அறிவார். எல்லா அசைவையும் படைப்பவன் அல்லாஹ்வே. ஆயினும் இரண்டாவது அசைவை அந்த மனிதர் தன்னுடையதாகச் சம்பாதித்துக்கொள்கிறார். அதற்குத்தான் கஸ்பு என்று பெயர். கூலியும் குற்றமும் அந்தச் சம்பாத்தியத்தின் மேல்தான் ஏறும். இந்தக் கோட்பாட்டை ஏற்காத அறிஞர்களும் உண்டு. இன்றும் அதுபற்றி விவாதம் உண்டு. ஆனால் நடுங்கும் கையும் அசைக்கும் கையும் ஒன்றல்ல என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கிரிப்பரின் அசைவு இதில் எந்தப் பக்கம் சேரும்? அது நடுக்கம் அல்ல. ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கும் பிசகாமல் அது குறித்த இடத்துக்குப் போகிறது. விருப்பமும் அல்ல, உள்ளே எவரும் இல்லை. செயலின் ஒழுங்கெல்லாம் அதனிடம் இருக்கிறது, சம்பாத்தியம் மட்டும் இல்லை. அந்தச் சம்பாத்தியம் காற்றில் கரைந்துபோவதாகச் சொல்வதற்கு எந்த மத்ஹபும் இடம் கொடுக்காது. அது யாரோ ஒரு மனிதரின் கணக்கில் எழுதப்பட்டே ஆக வேண்டும். யாருடைய கணக்கில் என்பதுதான் கேள்வி.

இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா' நூலில் ஓர் எறும்பைச் சொல்கிறார். காகிதத்தின் மேல் ஊர்ந்துபோகும் எறும்புக்கு, பேனா முனை காகிதத்தைக் கறுப்பாக்குவது மட்டும்தான் தெரியும். அதன் சின்னக் கண் விரலுக்கோ கைக்கோ எட்டாது. ஆகவே எழுதுவது பேனாதான் என்று அது முடிவு கட்டுகிறது. கஸ்ஸாலி அங்கிருந்து மேலே, மேலே ஏறி, எல்லாவற்றுக்கும் காரணமான ஒருவனிடம் போய் நிற்கிறார். அது தவ்ஹீதின் (இறை ஒருமையின்) பாடம். ஆனால் அதே ஏணியில் கீழ்ப்படிகளிலும் ஒரு பாடம் இருக்கிறது. "ரோபோ செய்துவிட்டது" என்று சொல்பவர் எறும்பின் உயரத்திலிருந்து பேசுகிறார்.

அப்படித்தான் உலகம் பேசியது. 1979 ஜனவரி 25ஆம் திகதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், போர்ட் நிறுவனத்தின் வார்ப்பு ஆலையில் 25 வயதுத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பாகங்களை எடுத்துக் கொடுக்கும் தானியங்கிக் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று, அவரே மேலே ஏறி எடுக்கப் போனார். ஆள் இருப்பது தெரியாமல் இயந்திரக் கை வந்து அடித்தது. 1983இல் நீதிமன்ற ஜூரி அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி டொலர் நட்டஈடு விதித்தது. அதைக் கட்ட வேண்டியிருந்தது அந்தக் கருவியைச் செய்த நிறுவனம். 2023 நவம்பரில் தென்கொரியாவின் தெற்குக் கியோங்சாங் மாகாணத்தில், குடைமிளகாய்ப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரோபோவின் உணரியைச் சோதித்துக்கொண்டிருந்த ஒருவரை, அந்த ரோபோ பெட்டி என்று பிடித்து அழுத்திக் கொன்றது. தென்கொரியா தொலைவான நாடல்ல. வேலை ஒப்பந்தத்தில் இலங்கையின் பிள்ளைகள் போய்த் தொழிற்சாலைகளில் நிற்கும் நாடு அது. செய்திகளின் தலைப்புகளில் கொன்றவன் ரோபோ. நிரலுக்கும் வேலிக்கும் உணரிக்கும் பொறுப்பான மனிதர்கள் தலைப்பில் இல்லை.

இங்கே ஷாபிச் சட்டத்தின் ஒரு பிரிவு வியப்பூட்டும் அளவுக்குத் துணைக்கு வருகிறது. மாடு வயலுக்குள் இறங்கி வெள்ளாமையைத் தின்றால் யார் நட்டம் கட்டுவது என்பது இறக்காமத்து விவசாயிகளுக்குப் புத்தகக் கேள்வி அல்ல. விதைப்புக்கு முந்திய கூட்டங்களில், மாடுகளை எந்தத் திகதிக்குள் வயல்வெளியைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று முடிவெடுப்பது இந்தப் பகுதியின் வழக்கம். சட்டநூல் சொல்வது இதுதான்: கால்நடையோடு ஒருவர் கூட இருந்தால், அது உயிருக்கோ பொருளுக்கோ செய்யும் சேதத்துக்கு இரவானாலும் பகலானாலும் அவரே பொறுப்பு. தனியாகப் போயிருந்தால், பகலில் பயிரைக் காப்பது வயல்காரரின் கடமை. இரவில் மாட்டைக் கட்டி வைப்பது மாட்டுக்காரரின் கடமை. மாட்டின் மனதில் என்ன இருந்தது என்று சட்டம் ஆராயவில்லை. மாட்டைக் குற்றவாளி ஆக்கவும் இல்லை. யார் பக்கத்தில் இருந்தார், யார் கட்டிவைத்திருக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் கேட்டது. தொழிற்சாலை விபத்துக்கும் இவ்விரண்டையும்விடச் சரியான முதற்கேள்விகள் இல்லை.

ஆனாலும் வெள்ளாமைக்குள் இறங்கும் மாட்டை எவரும் ஏவவில்லை. கிரிப்பருக்கு மிக நெருக்கமான உருவம் சட்டநூல்களில் வேறோர் இடத்தில், வேட்டை அத்தியாயத்தில் இருக்கிறது. பயிற்றப்பட்ட வேட்டை நாய்.

ஷாபி மத்ஹபில் நாய் கடும் நஜீஸ் (அசுத்தம்). அதன் வாய் பட்ட இடத்தை ஏழு முறை, ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும். அப்படியிருந்தும், பயிற்றப்பட்ட நாய் எசமானுக்காகப் பிடித்துவரும் வேட்டையை உண்ண குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் அனுமதிக்கிறது. மனிதக் கை அந்தப் பிராணியைத் தொடவே இல்லை. பிடித்தது நாயின் தாடை. இருந்தும் அது எசமானின் செயலாக எழுதப்படுகிறது. ஆட்டின் கழுத்தை அறுத்த கத்தியைப் பிடித்திருந்த கையின் செயலை அறுப்பாக ஏற்க மறுத்த அதே சட்டம், எங்கோ தூரத்தில் நிற்கும் மனிதரின் செயலாக நாயின் பிடியை ஏற்கிறது. காரணம் நாட்டம். நாயை அவர் ஏவியிருக்க வேண்டும். அது தானாக ஓடிப்போய்ப் பிடித்துக் கொன்றது ஹலால் ஆகாது. பயிற்சிக்கும் அளவுகோல் உண்டு. ஏவினால் போக வேண்டும். அதட்டினால் நிற்க வேண்டும். பிடித்ததை எசமானுக்காக வைத்திருக்க வேண்டும், தான் தின்னக் கூடாது. இவை ஒரு முறை நடந்தால் போதாது. பழக்கமாகிவிட்டது என்று நம்பும் அளவுக்குத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்.

ரோபோவுக்கு வேலை பழக்குபவர் கையில் ஒரு பலகை இருக்கும். டீச் பென்டன்ட் என்பார்கள். அதன் பின்புறத்து அழுத்துவிசைக்கு மூன்று நிலைகள் உண்டு. நடுநிலையில் பிடித்திருந்தால்தான் ரோபோ நகரும். கை தளர்ந்து விட்டுவிட்டாலும் நின்றுவிடும். பயத்தில் இறுக அழுத்தினாலும் நின்றுவிடும். ஏவினால் போக வேண்டும், அதட்டினால் நிற்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை இங்கே உலோகத்திலும் மின்கம்பியிலும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய பொறியியலாளர்கள் நவவியைப் படித்திருக்க மாட்டார்கள். தன் கைக்கு வெளியே ஓர் ஆற்றலை ஏவிவிடும் மனிதன் எதைச் செய்தால் அந்தச் செயல் அவனுடையதாகவே இருக்கும் என்று கேட்டவர்கள், வேறு வேறு காலத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரே பதிலுக்கு வந்திருக்கிறார்கள்.

முஸ்லிம் நாடுகளில் இயந்திரக் கை, அறுப்புக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஒளுவுக்கு (தொழுகைக்கு முந்திய கழுவலுக்கு) வந்துவிட்டது. தியார்பக்கிரில் அர்துகிய அரசவையில் இருந்த அல்ஜஸரி, 1206இல் முடித்த தன் இயந்திர நூலில், அரசர் கைகால் கழுவ நீர் ஊற்றும் ஊழியன் பொம்மை ஒன்றை வரைந்து விளக்குகிறார். பணியாளர்கள் நீர் ஊற்றுவது அரசருக்குப் பிடிக்கவில்லை, அதனால் பொம்மை. இதில் சட்டச் சிக்கல் எதுவும் எழவில்லை. மழையில் நின்றுகொண்டு நிய்யத்தோடு, அதாவது நாட்டத்தோடு, உறுப்புகளை வரிசைப்படி கழுவினாலும் ஒளு கூடும். நீரை ஊற்றியது யார் என்பது பொருட்டல்ல. பார்க்கப்படுவது கழுவப்படுபவரின் நிய்யத்.

கோழி அறுக்கும் இயந்திரம் வந்தபோது அந்த எளிமை போய்விட்டது. சுழலும் கத்தி, தொங்கிக்கொண்டு வரும் கோழிகள், ஒரே சீராக ஓடும் வரிசை. கோழி கோழியாகக் கழுத்தைப் பிடித்துப் பிஸ்மி (இறைநாமம்) சொல்பவரின் கை அங்கே இல்லை. பிரித்தானியாவில் ஹலால் கண்காணிப்பு அமைப்புகளே இதில் பிரிந்து நிற்கின்றன. ஒன்று ஏற்கிறது, ஒன்று மறுக்கிறது. பிஸ்மி சொல்வது ஷாபிகளிடம் சுன்னத்து, மற்ற மத்ஹபுகளில் கடமை என்பதால் விவாதம் இடத்துக்கு இடம் வேறு முகம் காட்டுகிறது. மலேசியாவின் எம்.எஸ். 1500 என்ற ஹலால் தரநிலை ஏற்றுக்கொண்டு, நிபந்தனை விதித்தது. இயக்குபவர் முஸ்லிமாக இருக்க வேண்டும். கத்தியை ஓட விடும் முன் பிஸ்மி சொல்ல வேண்டும். அறுக்கும் இடத்தைவிட்டு அவர் போகக் கூடாது. போனால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அவரோ இன்னொருவரோ திரும்பி வந்து, மறுபடியும் பிஸ்மி சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

அந்த மூன்றாவது நிபந்தனையை மேலோட்டமாகப் படித்தால் வெறும் சடங்கு போலத் தோன்றும். அவர் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் கத்தியின் கூர் குறையப் போவதில்லை. கோழியின் கழுத்திலும் மாற்றம் இல்லை. மாறுவது ஒன்றுதான்: அந்த நிமிடங்களில் நடந்த அறுப்புகளுக்கு "நான் செய்தேன்" என்று சொல்ல ஆள் இல்லாமல் போகிறது. கை விலகிக்கொண்ட இடத்தில் மனிதர் நின்றாக வேண்டும் என்று அந்தத் தரநிலை வற்புறுத்துகிறது. ஹலால் சான்றிதழை விட்டுவிட்டு, இதைத் தனியாகவே எடுத்து எல்லா ஆலைகளின் வாசலிலும் எழுதி வைக்கலாம். இலங்கையில் ஹலால் சான்றிதழ் 2013இன் பெரும் சர்ச்சைக்குப் பிறகு அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமாவின் கையைவிட்டு வேறு அமைப்புக்குப் போனது. அந்தச் சர்ச்சையின் இரைச்சலில், ஹலால் நூல்களுக்குள் இருக்கும் இந்த வகை நுண்மையை நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொல்லும் வாய்ப்பு நழுவிப்போனது பெரிய இழப்பு.

இதுவரை பேசியது ஏவுபவரைப் பற்றி. தேவையற்றுப் போகும் கையின் சொந்தக்காரரைப் பற்றியும் மார்க்கம் பேச வேண்டும்.

தன் கையால் உழைத்து உண்பதைவிட மேலான உணவு இல்லை என்றும், தாவூத் நபி அப்படியே உண்டார் என்றும் ஹதீஸில் வருகிறது. அவருக்கு இரும்பு மென்மையாக்கிக் கொடுக்கப்பட்டதையும் கவச வளையங்களை அளவாகப் பின்னும்படி அவருக்குச் சொல்லப்பட்டதையும் குர்ஆன் கூறுகிறது. நபியும் அரசருமான ஒருவர் உலோகப் பாகங்களைக் கையால் பிடித்துக் கோத்தார். யாசிப்பதைவிடக் கயிற்றை எடுத்துக்கொண்டு விறகு கட்டி வந்து விற்பது மேல் என்பதும் நபிமொழிதான். இறக்காமத்து வயல்களில் ஒரு காலத்தில் வெள்ளாமை வெட்டு என்றால் ஆட்கள் வரிசையாக இறங்கி அரிவாள் போட்டார்கள். வெட்டியதை உப்பட்டி கட்டினார்கள். சூடு வைத்து மிதித்தார்கள். கிழக்கு முழுவதும் அந்த வேலைகளை இன்று பெரும்பாலும் அறுவடை இயந்திரம் ஒரே ஓட்டத்தில் முடிக்கிறது. வெட்டுக்கூலியை நம்பிய குடும்பங்கள் வேறு தொழில் தேடின. பலர் கடல் கடந்து போனார்கள்.

அடுத்தது துணி. மருதமுனைக் கைத்தறி இந்தக் கரையின் பெருமை. துணியை ஆடையாகத் தைக்கும் தொழிலில் மனிதக் கை இன்னும் தாக்குப்பிடித்து நிற்பதற்குக் காரணம் கிரிப்பரின் இயலாமை. துணி தொய்ந்துபோகும், மடியும், அடியிலுள்ள துணியோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பிடிப்பது இரும்பைப் பிடிப்பதைவிடப் பலமடங்கு கடினம். 2016இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஒருவர், நீரில் கரையும் பசையால் துணியை அட்டைபோல விறைப்பாக்கி, ரோபோவைக்கொண்டு ஒரு சட்டையைத் தைத்துக் காட்டினார். பிறகு கழுவினால் துணி பழையபடி மென்மையாகிவிடும். இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் விரல்களுக்கும் அந்த முயற்சிகளுக்கும் நடுவே இன்று இருப்பது துணியின் இந்தத் தொய்வுதான். அது நெடுநாள் காக்காது.

இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல மார்க்கத்தில் ஆதாரம் இல்லை, சொல்வதும் நியாயமல்ல. ஆனால் ஸகாத்தின் கணக்கில் ஒரு பாடம் இருக்கிறது. உழைப்பில்லாமல் மண்ணில் கிடைத்த புதையலில் ஐந்தில் ஒன்று. மழையில் விளைந்த பயிரில் பத்தில் ஒன்று. செலவழித்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. ஓயாமல் அலைந்து செய்யும் வியாபாரத்தின் பொருளில் நாற்பதில் ஒன்று. பாடு கூடக் கூடக் கடமை குறைகிறது என்று இப்னுல் கய்யிம் போன்றவர்கள் விளக்கியிருக்கிறார்கள். இதைத் திருப்பிப் படித்தால், பாடு குறையக் குறையக் கடமை கூடுகிறது. ஆயிரம் கைகள் பட்ட பாட்டை நூறு கிரிப்பர்கள் வாங்கிக்கொள்ளும் ஆலையின் உரிமையாளர், ஊருக்குப் பட்டிருக்கும் கடன் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது என்று நினைக்க வேண்டும். இது ஃபத்வா அல்ல. விகிதங்களை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் விகிதங்களுக்குள் இருக்கும் நீதியைக் கூலிக்கும் பயிற்சிக்கும் வேலை இழந்தோர் உதவிக்கும் எடுத்துவருவதை எந்தச் சட்டநூலும் தடுக்கவில்லை.

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. வரும் ஆண்டுகளில் உலமாக்களையும் பொறியியலாளர்களையும் அதிகம் சோதிக்கப்போவது அதுதான். இதுவரை சொன்ன கிரிப்பர்கள் சொல்லிக்கொடுத்ததை மட்டும் செய்தவை. இப்போது வருபவை தாமாகவே பழகுகின்றன. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் 14 வரையான ரோபோக் கைகளை நிறுத்தி, 800,000 தடவைக்கு மேல் பொருள்களை எடுக்கவிட்டார்கள். எப்படிப் பிடிப்பது என்று ஒவ்வொரு பொருளுக்கும் எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. தவறித் தவறிக் கைகளே கற்றுக்கொண்டன. அப்படிக் கற்ற கை ஒரு நாள் எதிர்பாராத ஒன்றைப் பிடித்தால், ஏவியவர் "நான் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே" என்பார். யாஸீன் அத்தியாயத்தில், மறுமை நாளில் வாய்கள் முத்திரையிடப்பட்டுக் கைகள் பேசும் என்று வருகிறது. ரோபோவும் தன் ஒவ்வோர் அசைவையும் அழுத்தத்தையும் பதிந்து வைக்கிறது. கேட்டால் எல்லாவற்றையும் சொல்லும். மனிதனின் கை தன் சொந்தக்காரனைப் பற்றிச் சாட்சி சொல்லும். இந்தக் கையின் சாட்சியத்துக்கு முன்னே வந்து நிற்க, சொந்தக்காரர் என்று ஒருவர் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நவவியின் வேட்டை அத்தியாயத்தில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது. நன்கு பயிற்றப்பட்டது என்று எல்லோரும் அறிந்த நாய் ஒரு நாள் பிடித்த வேட்டையைத் தானே தின்றுவிடுகிறது. அப்போது என்ன செய்வது? முன்பு அது பிடித்தவை எல்லாம் கெட்டுப்போயின என்று ஹனபி மத்ஹபின் இமாம் அபூ ஹனீபா கருதினார். ஷாபி மத்ஹபில் வலுவான கருத்தின்படி, அன்றைய வேட்டை மட்டும் ஆகாது, பழையவை ஆகும். ஆனால் அந்த நாயை மறுபடி ஏவுவதற்கு முன் புதிதாகப் பயிற்ற வேண்டும். பழைய நற்பெயர் செல்லாது. ஏவினால் போகிறதா, அதட்டினால் நிற்கிறதா, பிடித்ததை வைத்திருக்கிறதா என்று முதலிலிருந்து, பழக்கமாகிவிட்டது என்று தெரியும்வரை, பயிற்றியவரே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.